வாயிலும் திரையும்: குடும்ப வழக்குகளில் தொலைத்தொடர்பின் எல்லை

சிலப்பதிகாரத்தில் இருவேறு விசாரணைகள் இடம்பெறுகின்றன. முதலாவதில், ஊடிய தேவியின் இருப்பிடம் நோக்கி விரையும் பாண்டியன், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை வழியிலே கேட்டு, குற்றஞ்சாட்டப்பட்டவனின் முகத்தையே காணாது காவலரை ஏவுகின்றான். கோவலன் வெட்டுண்டு வீழ்கின்றான். இரண்டாவதில், விரித்த கூந்தலுடன் அரண்மனை வாயிலில் வந்து நிற்கும் பெண்ணின் வருகையை வாயிலோன் அறிவிக்கின்றான். அவள் உள்ளே அழைக்கப்படுகின்றாள். அரசன் அவளை நேரிற் கண்டு, யாரெனக் கேட்டு, அவள் கூற்றைச் செவிமடுக்கின்றான். சிலம்பு உடைகின்றது. தெறித்தது முத்தன்று, மாணிக்கம். காணாது வழங்கிய தீர்ப்புக் கொலையாயிற்று. கண்டு கேட்ட விசாரணை, அரசனின் உயிரையே விலையாகக் கொண்டபோதும், நீதியாயிற்று.

பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இக்காட்சி இன்று புதியதொரு பொருளைப் பெற்றுள்ளது. 2020 ஆம் ஆண்டிலே கொவிட் பெருந்தொற்று நீதிமன்றக் கதவுகளை அடைத்தபோது, பல நாடுகளில் வழக்குகள் தொலைபேசிக்கும் கணனித் திரைக்கும் இடம்பெயர்ந்தன. தொற்றுத் தணிந்தது, கதவுகள் திறந்தன, ஆயினும் திரை முற்றாக அகலவில்லை. விவாகரத்து, தாபரிப்பு, பிள்ளைகளின் கட்டுக்காப்பு, வீட்டு வன்முறை ஆகிய குடும்ப வழக்குகளையும் இனித் தொலைவிலிருந்தே நடத்தலாம், கட்சிக்காரரைச் சட்டத்தரணி நேரிற் காணவேண்டிய தேவையும் இல்லை என்ற எண்ணம் ஒரு சாராரிடையே வலுப்பெற்று வருகின்றது. இவ்வெண்ணம் எவ்வளவிற்கு ஏற்புடையது, எவ்விடத்தில் அது அநீதியாகத் திரிபடைகின்றது என்பதை ஆராய்ந்து, அதன் எல்லையை வரையறுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரையின் வாதம்

திரைவழி விசாரணையை ஆதரிப்போரின் வாதங்களை முதலில் நேர்மையுடன் எடுத்துரைத்தல் வேண்டும். எதிர்த்தரப்பின் வாதத்தைச் சிறுப்பித்துக் கூறிவிட்டு அதனை வெல்லுதல் வெற்றியாகாது.

முதலாவது வாதம் தூரமும் செலவும் பற்றியது. நெடுந்தீவிலே வாழும் ஒரு பெண், தன்னைக் கைவிட்டுச் சென்ற கணவனிடமிருந்து தாபரிப்புப் பெற ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு வரவேண்டுமாயின், கடல்கடந்து குறிகாட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறவேண்டும். காற்றுக் கடுமையான நாளில் படகு ஓடாது. மலையகத் தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் பெண் வழக்குக்கென நகருக்குச் செல்லும் நாளில் அவளுக்குப் பேர் விழாது; அன்றைய சம்பளம் இல்லை. இத்தனையும் பட்டு வந்து சேர்ந்தால், வழக்கு அழைக்கப்பட்டு, எதிராளி சமுகமளிக்கவில்லை எனப் பிறிதொரு தவணை குறிக்கப்படும். ஒரு நிமிடத்தில் முடியும் இந்நிகழ்ச்சிக்காக ஒரு நாளையும் ஒரு நாட் கூலியையும் அவள் ஏன் இழக்கவேண்டும்?

இரண்டாவது வாதம் பாதுகாப்புப் பற்றியது. தன்னை அடித்துத் துன்புறுத்தியவனுடன் ஒரே விறாந்தையில், ஒரே வாங்கிலில், மணிக்கணக்கிற் காத்திருக்குமாறு ஒரு பெண்ணை நிர்ப்பந்தித்தல் கொடுமை என்பர். மூன்றாவது வாதம் இவற்றிலும் நுட்பமானது. சாட்சியின் முகபாவத்தைக் கண்டு உண்மையை அறியலாம் என்பது நீதிபதிகளின் பழைய நம்பிக்கையேயன்றி வேறில்லை என்பதே அது. 2018 ஆம் ஆண்டில், இலங்கையிலிருந்து சென்று புகலிடம் கோரிய ஒருவரின் மேன்முறையீட்டை விசாரித்த இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், நீதியரசர் லெகற் இதனையே வலியுறுத்தினார். பேசுவோரின் தோற்றத்தையும் தொனியையும் கொண்டு மெய்பொய்யைத் தீர்மானித்தல் நம்பத்தகாத முறை என்றும், பிற பண்பாட்டைச் சேர்ந்தவரிடத்தில் அது மேலும் ஆபத்தானது என்றும், கூற்று ஏனைய சான்றுகளுடன் பொருந்துகின்றதா என்று பார்ப்பதே தக்கது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின், நேரிற் கண்டாலென்ன, திரையிற் கண்டாலென்ன என்பது திரையின் ஆதரவாளர் எழுப்பும் வினா.

இவ்வாதங்களுள் ஒன்றேனும் பொய்யன்று. எனினும், ‘ஆகவே குடும்ப வழக்குகளைத் திரைக்கு மாற்றுவோம்’ என இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தவறானது. அது ஏன் என்பதை அறியக் குடும்ப வழக்கின் இயல்பை விளங்கிக்கொள்ளல் அவசியமாகும்.

குடும்ப வழக்கின் இயல்பு

காணி வழக்கிலே உறுதி உண்டு, நில அளவைப்படம் உண்டு, எல்லைக்கல் உண்டு. கடன் வழக்கிலே கையொப்பமிட்ட பத்திரம் உண்டு. இவற்றைத் தபாலில் அனுப்பினாலும் இலத்திரனியல் வழியில் அனுப்பினாலும் அவற்றின் பொருள் மாறுவதில்லை. குடும்ப வழக்கிலோ நிரூபிக்கப்படவேண்டியது பூட்டிய கதவுக்குப் பின்னால் நிகழ்ந்தது. அதனைக் கண்டோர் பெரும்பாலும் கணவன், மனைவி, பிள்ளை என்ற மூவரேயாவர். அம்மூவரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்பவர், ஒருவருக்கொருவர் அஞ்சுபவர், சிலவேளை இன்னமும் ஒருவரையொருவர் நேசிப்பவர்.

அன்றியும், கடன் வழக்கின் தீர்ப்புடன் கட்சிக்காரரின் உறவு முடிவடைகின்றது. குடும்ப வழக்கின் தீர்ப்புடனோ உறவு புதிய வடிவமொன்றை எடுக்கின்றது. மணமுறிவு பெற்ற இருவரும் தம் பிள்ளைக்குத் தாயாகவும் தந்தையாகவும் இறுதிவரை இருந்தே தீரவேண்டும். குடும்ப நீதிபதி கடந்தகாலத்தைத் தீர்ப்பதுடன் அமையாது எதிர்காலத்தையும் வகுக்கின்றார். இக்காரணத்தினாலேயே 1984 ஆம் ஆண்டில் இந்தியா இயற்றிய குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கின் தொடக்கத்திலேயே இணக்கத்திற்கு முயலவேண்டும் என்ற கடமையை 9 ஆம் பிரிவின் மூலம் நீதிமன்றத்தின்மீது சுமத்தியது. 11 ஆம் பிரிவின் மூலம் மூடிய அறை விசாரணைக்கும் வழிவகுத்தது. வழக்கு என்ற சொல்லுக்குள் அடங்காத ஒரு பணியைச் சட்டமே இங்கு ஏற்றுக்கொள்கின்றது.

இப்பணியில் நேர்முகத்தின் பயன் பொய்யைக் கண்டுபிடிப்பதன்று. நீதியரசர் லெகற்றின் எச்சரிக்கையை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், நேர்முகத்தின் தேவை ஒரு சிறிதும் குறைவதில்லை. நீதிபதி கட்சிக்காரரைப் பார்ப்பதைவிடக் கட்சிக்காரர் நீதிமன்றத்தைப் பார்ப்பதே முக்கியமானது. தன் வாழ்வைத் தீர்மானிக்கும் நடவடிக்கையில் அவர் பங்காளியா, அன்றி வெறும் பார்வையாளரா என்பதே இங்கு எழும் வினா. பக்கத்திலிருக்கும் சட்டத்தரணியின் கையைத் தொட்டு ‘அது அப்படியில்லை’ என அவரால் மெல்லச் சொல்ல முடிகின்றதா? மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தவறவிட்டதை உணர்த்த முடிகின்றதா? அழுகை வந்தபோது வெளியே சென்று தண்ணீர் அருந்தித் திரும்ப முடிகின்றதா? எதிர்த்தரப்புச் சட்டத்தரணியுடன் விறாந்தையிலே பேசி, வழக்கு அழைக்கப்படுமுன்னரே ஓர் உடன்பாட்டிற்கு வர முடிகின்றதா? முகபாவ ஆராய்ச்சியைக் காட்டி நேர்முகத்தை மறுப்போர் இவ்வினாக்களுக்கு விடைகூறுவதில்லை.

இந்தியா: ஒரே ஆண்டில் இரு தீர்ப்புகள்

இவ்விவாதம் பெருந்தொற்றுடன் பிறந்ததன்று. 2017 ஆம் ஆண்டிலேயே இந்திய உச்ச நீதிமன்றம் இதில் தன்னைத்தானே மறுத்துரைத்தது.

இந்தியாவிலே கணவன் தன் ஊர் நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கிடுவதும், பிறந்தகம் திரும்பிவிட்ட மனைவி அவ்வழக்கைத் தன் ஊருக்கு மாற்றித் தருமாறு உச்ச நீதிமன்றத்தை வேண்டுவதும் வழமை. பெண்ணின் இடர்ப்பாட்டைக் கருதி அத்தகைய வேண்டுகோள்கள் பொதுவாக ஏற்கப்பட்டு வந்தன. ஜபல்பூரில் நடைபெற்ற வழக்கை ஹைதராபாத்துக்கு மாற்றவேண்டுமென ஒரு மனைவி விடுத்த வேண்டுகோளின்மீது, 2017 மார்ச் 9 ஆம் திகதி நீதியரசர்கள் ஆதர்ஷ் குமார் கோயலும் உதய் உமேஷ் லலித்தும் தீர்ப்பளித்தனர். நெடுங்காலம் நிலுவையில் இருந்தமையால் அவ்வழக்கு மாற்றப்பட்டது. ஆனால் இனிவரும் வழக்குகளில், இடமாற்றத்திற்குப் பதிலாகக் காணொளி வசதி, சட்ட உதவி, பயணச்செலவு போன்ற மாற்று வழிகளைக் கருதலாம் எனத் தீர்ப்புக் கூறியது. அந்த மனைவிக்கு இடமாற்றம் கிடைத்தது. அவளுக்குப் பின்வரும் மனைவியருக்குத் திரை காத்திருந்தது. பெண்கள் ஈட்டிய ஓர் அனுகூலம் முன்னேற்றம் என்ற பெயரால் திரும்பப் பெறப்படும் நிலை இவ்வாறு தோன்றிற்று.

ஏழு மாதங்களின் பின், அதே ஆண்டு அக்டோபர் 9 ஆம் திகதி, மூவர் கொண்ட ஆயம் இதனை மீளாய்ந்தது. பிரதம நீதியரசர் தீபக் மிஸ்ராவும் நீதியரசர் கான்வில்கரும் அடங்கிய பெரும்பான்மை, இடமாற்ற விண்ணப்பத்தில் காணொளி விசாரணைக்குக் கட்டளையிடலாகாது என்றது. திரையின் ஊடாக இணக்க முயற்சி நலிவுறும், மூடிய அறையின் அந்தரங்கம் சிதையும் என்பன அதன் கவலைகள். இணக்க முயற்சி தோல்வியுற்ற பின்னரே, இரு தரப்பாரும் உடன்பட்டால், அன்றேல் நீதியின் பொருட்டு உகந்ததெனக் குடும்ப நீதிமன்றம் தானே கருதினால், காணொளிக்கு இடமுண்டு என்றது அப்பெரும்பான்மை.

நீதியரசர் சந்திரசூட் மாறுபட்டார். சட்டம் இயற்றப்பட்ட 1984 ஆம் ஆண்டில் இல்லாத தொழில்நுட்பத்தை அச்சட்டம் விலக்கிற்று எனக் கொள்ளலாகாது. தன்னைத் துன்புறுத்தியவனை நேர்நின்று காணவியலாத பெண்ணுக்குத் திரையே நீதிமன்றத்தின் கதவாகலாம் என்பது அவரது நிலைப்பாடு.

இவர்களுள் யார் சரி? இரு தரப்பாரும் சரியே. இரு தரப்பாரும் முழுமையற்றவரே. மார்ச் மாதத் தீர்ப்புத் திரையைப் பெண்ணின்மீது சுமத்த இடமளித்தது. அக்டோபர்த் தீர்ப்பு அதனைத் தடுத்ததற்காகப் போற்றத்தக்கது. ஆயினும், அஞ்சியொதுங்கும் பெண்ணொருத்தி தனித்துத் திரையை வேண்டினால், அவ்வேண்டுகோளுக்கு உரிமை என்னும் தகுதியை அது வழங்கவில்லை. கணவன் இணங்கவேண்டும், அல்லது நீதிபதி இரங்கவேண்டும். மனைவியை ஒருமுறையேனும் நேரில் இழுத்து நிறுத்திப் பார்க்க விரும்பும் கணவன் ஏன் இணங்கப்போகிறான்? நீதியரசர் சந்திரசூட் கண்டது இவ்விடரையே. எனினும், திரையை வேண்டும் பெண்ணை நோக்கிய அவரது பார்வையில், திரை திணிக்கப்படும் பெண் போதிய இடம்பெறவில்லை. ‘திரையா, நேர்முகமா?’ என மூவரும் வினவினர். ‘தெரிவு யாருடையது?’ என்பதே முதலில் வினவப்பட்டிருக்க வேண்டும்.

பெருந்தொற்றின் நடுவில், 2020 ஏப்ரல் 6 ஆம் திகதி, காணொளி விசாரணைக்குப் பொதுவாக வழிதிறந்த கட்டளையிலும் அதே உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பை இட்டது. வாதங்களைத் திரையிற் கேட்கலாம்; இரு தரப்பாரின் உடன்பாடின்றிச் சாட்சியத்தைத் திரையிற் பதியலாகாது என்றது. உயிருக்கு அஞ்சிய காலத்திலும் கைவிடப்படாத வரம்பை, அச்சம் நீங்கிய காலத்தில் வசதிக்காகக் கைவிடுவது எவ்வகையில் நியாயமாகும்?

இங்கிலாந்து: பெருந்தொற்றின் அனுபவம்

திரையைப் பேரளவிற் பரீட்சித்த களம் இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றங்களாகும். 2020 மார்ச் இறுதியில் நாடு அடைக்கப்பட்டதும், சில நாட்களுக்குள்ளேயே அங்கு விசாரணைகள் தொலைபேசிக்கும் காணொளிக்கும் மாறின. பிள்ளைகள் தொடர்பான வழக்குகளை ஒத்திவைத்தால் ஆபத்தான வீட்டிலே பிள்ளை சிக்குண்டிருக்கும் என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம்; அது பொய்க்காரணமும் அன்று.

அவ்வாண்டு ஏப்ரலிலே ஒரு வழக்கு எழுந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இல்லாத நோயைப் புனைந்தோ உள்ள நோயைத் தூண்டியோ தாயே தீங்கிழைத்தாள் என்பது குற்றச்சாட்டு. பதினைந்து நாள் விசாரணையை ஸ்கைப் மூலம் நடத்த ஏற்பாடாகியிருந்தது. குடும்பப் பிரிவின் தலைவரான நீதியரசர் சேர் அன்ட்ரூ மக்பாலன் அதனை நிறுத்தினார். தொலைவழியில் விசாரணையொன்றை நடத்த முடியும் என்பதனால் அவ்வாறு நடத்தியே ஆகவேண்டும் என்று பொருளாகாது என்பது அவர் கூறியதன் சாரம். சாட்சிக்கூட்டில் நிற்கும்போது மாத்திரமன்றி, விசாரணை நடைபெறும் வேளை முழுவதும் தாய் நீதிமன்றத்தினுள் இருப்பதை நீதிபதி காணவேண்டும் என அவர் கருதினார். முகபாவம் பற்றிய பகுதியை ஒருவர் ஐயுறலாம். ஆயினும், பிள்ளையையே இழக்கக்கூடிய குற்றச்சாட்டை எதிர்நோக்கும் தாயொருத்தி, வீட்டு மேசையில் ஒரு சிறு திரையின் முன் தனித்திருந்து பதினைந்து நாட்கள் போராடவேண்டும் என்பதை எந்த மனச்சாட்சி ஏற்கும்?

அதே மாத இறுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரு வழக்குகளிலே தலையிட்டது. ஒன்றில், பிள்ளைகளைத் தத்துக்கொடுக்க வழிவகுக்கும் விசாரணை; தொலைவழியில் முறையாகப் பங்குகொள்ளும் ஆற்றல் குன்றிய தந்தை. அவ்விசாரணைக்கான ஏற்பாடு விலக்கப்பட்டது. மற்றையதில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தன் பாட்டியிடமிருந்து தொலைபேசி விசாரணையொன்றின் மூலம் அவசர அவசரமாகப் பிரிக்கப்பட்டிருந்தான். அக்கட்டளையும் தள்ளுபடியாயிற்று. உலகம் அறியாத ஒரு சிறுவன், தன்னைக் காணாதோர் தொலைபேசியிற் பேசி முடித்த முடிவின்படி, தான் வளர்ந்த வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. கோவலனைக் காணாது காவலரை ஏவிய பாண்டியனுக்கும் இதற்கும் இடையே நோக்கத்தில் வேறுபாடு உண்டு. முறையில் வேறுபாடு சிறிதே.

அக்காலத்தில் நஃபீல்ட் குடும்ப நீதி ஆய்வகம் மேற்கொண்ட விரைவு ஆய்வுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கருத்துரைத்தனர். தவணை குறிப்பதற்கும் சுருக்கமான சட்ட வாதங்களுக்கும் திரை பயனுடையது எனப் பலர் ஏற்றனர். ஆனால் அண்மையிற் பிள்ளையீன்ற தாய்மார் மருத்துவமனையிலிருந்தவாறே, தம் சிசு தம்மிடமிருந்து எடுக்கப்படுமா என்ற விசாரணையிலே தொலைபேசி வழி பங்குகொள்ள நேர்ந்தமை போன்ற செய்திகளும் அவ்வாய்வுகளிலே வெளிவந்தன. தொலைபேசி துண்டிக்கப்பட்ட பின் அத்தாயின் அருகில் இருந்தவர் யார்? நீதிமன்றத்திலாயின் தோளைத் தொட ஒரு சட்டத்தரணியேனும் இருந்திருப்பார்.

சட்டத்தரணியின் அறை

விசாரணை மண்டபத்தைவிடவும் சட்டத்தரணியின் அறையிலேதான் குடும்ப வழக்கின் பெரும்பகுதி நிகழ்கின்றது. வழக்கின் உருவம் அங்குதான் அமைகின்றது. முதன்முறை வரும் பெண் உண்மையைச் சொல்வதில்லை. ‘அவர் குடிப்பார்’ என்பதோடு நிறுத்துவாள். அரைமணி நேரம் வேறெதையோ பேசி, எழுந்து வாசல்வரை சென்று, கதவின் பிடியிலே கைவைத்துக்கொண்டுதான் ‘இன்னுமொரு விசயம்...’ எனத் திரும்புவாள். அந்த ‘இன்னுமொரு விசயமே’ வழக்கின் உயிர்நாடி. கைத்தொலைபேசி உரையாடலில் வாசல் இல்லை; திரும்பிப் பார்க்கும் கணம் இல்லை; விரலொன்று அழுத்த உரையாடல் முடிந்துவிடுகின்றது.

இதனினும் பாரதூரமானது வேறொன்று. திரை ஒரு சதுரத்தை மட்டுமே காட்டும். அச்சதுரத்துக்கு வெளியே யார் நிற்கின்றார்? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் அமர்ந்திருக்கலாம். கதவோரத்தில் கணவனே நின்று, அவள் சொல்லவேண்டியதைக் கண்ணாற் கட்டளையிடலாம். அவள் பேசும் கைத்தொலைபேசியே அவனுடையதாக இருக்கலாம். சட்டத்தரணி அனுப்பும் செய்தியை முதலில் வாசிப்பவனும் அவனாக இருக்கலாம். ‘நான் சம்மதிக்கிறேன்’ என்ற அவளது கூற்று அச்சுப்பிசகின்றிப் பதிவாகும், அச்சம் பதிவாகாது. பிள்ளையின் விருப்பத்தைத் திரைவழி கேட்டறியும்போது இவ்வாபத்து இருமடங்காகின்றது. எந்தப் பெற்றாரின் வீட்டிலிருந்து பிள்ளை பேசுகின்றதோ, அந்தப் பெற்றாரின் குரலிலேயே அது பேச நேரிடும்.

சட்டத்தரணியின் அறைக்கு ஒரு கதவு உண்டு, அதனை மூடலாம். ‘அம்மா, நீங்கள் சற்று வெளியே இருங்கள், பிள்ளையோடு தனியாகப் பேசவேண்டும்’ எனக் கூடவந்தவரை வெளியே அனுப்பலாம். இவ்வெளிய செயலை எத்துணை உயர்ந்த தொழில்நுட்பமும் செய்துவிட இயலாது. நேரத்தை மிச்சப்படுத்தும் கருவியாகத் திரையைப் போற்றும் சட்டத்தரணி, மிச்சமானது யாருடைய நேரம், இழந்தது யாருடைய உண்மை என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

வாயிலின் கொடுமை

எனினும், நேர்முகத்தின் ஆதரவாளர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது. பாண்டியன் வாயிலில் நின்றவள் கண்ணகி. எல்லாப் பெண்களும் கண்ணகியர் அல்லர். அவ்வாறு இருக்கவேண்டும் என எதிர்பார்க்கும் நீதிமுறை நீதிமுறையும் அன்று. நீதிமன்ற வளவின் கூட்டம், கூண்டின் உயரம், சட்டத்தரணியரின் கறுப்பு அங்கி, குறுக்குவிசாரணையின் ஏளனம், வாசலிலே காத்திருக்கும் கணவனின் உறவினர்: இவை யாவும் பெண்ணை வாயடைக்கச் செய்யும் கருவிகளாகவும் தொழிற்பட்டு வந்துள்ளன. நேர்முகம் என்பது வசதிபடைத்தோருக்கு வாயிலாகவும் வறியோருக்குச் சுவராகவும் இருந்துள்ளமை மறுக்கவொண்ணாதது.

இங்கிலாந்து இப்படிப்பினையைச் சட்டமாக்கியது. 2021 ஆம் ஆண்டின் வீட்டுத் துன்புறுத்தல் சட்டம், குடும்ப வழக்குகளிலே துன்புறுத்தலுக்கு ஆளானோரை நலிவுற்றோராகக் கருதி, மறைப்புத் திரை, நேரடிக் காணொளித் தொடர்பு போன்ற சிறப்பு ஏற்பாடுகளுக்கு வழிசெய்தது. துன்புறுத்தியவன் தானே எழுந்து அவளைக் குறுக்குவிசாரணை செய்வதற்கும் தடைவிதித்தது. திரை இங்கு நீதிமன்றத்தின் சிக்கனத்திற்காக வரவில்லை. சாட்சியின் பாதுகாப்பிற்காக வந்தது. அதே கருவி, எசமானே வேறு.

இவ்விடத்திலேதான் பிரச்சினையின் மையம் புலனாகின்றது. தொழில்நுட்பம் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அது எச்சமூக உறவுக்குள் நுழைகின்றதோ அவ்வுறவின் ஏற்றத்தாழ்வைப் பெருக்கும். கணவனுக்கும் மனைவிக்கும், பெற்றாருக்கும் பிள்ளைக்கும், அரசுக்கும் ஏழைத் தாய்க்கும் இடையே நிலவும் உறவு சமத்துவமான உறவன்று. அவ்வுறவிலே வலியோரின் வசதிக்காகப் புகுத்தப்படும் திரை மெலியோரை மறைக்கும். மெலியோரின் தெரிவாக வரும் திரை அவரைக் காக்கும்.

இலங்கைக்குரிய பாடம்

இலங்கையில், 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க கொவிட்-19 தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், தொலைத்தொடர்புத் தொழில்நுட்பத்தின் மூலம் நீதிமன்ற நடவடிக்கைகளை நடத்த இடமளித்தது. பெயரே கூறுவதுபோல் அது தற்காலிகமானது. பெருந்தொற்றின் நெருக்கடிக்கென எழுந்தது. நெருக்கடியில் எழுந்த பழக்கம் ஆய்வின்றி நிரந்தர வழக்கமாவது எந்நாட்டிலும் நிகழக்கூடியது. எனவே, அதற்குமுன் இந்நாட்டுக் குடும்பச் சட்டத்தின் இயல்பைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இலங்கையின் பொதுச் சட்டத்தின்கீழ், இருவரும் விரும்பினர் என்பதற்காக மாத்திரம் விவாகரத்து வழங்கப்படுவதில்லை. சோரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகியவற்றுள் ஒன்று நிரூபிக்கப்படவேண்டும்; இருவரும் உள்ளூரக் கூடிப்பேசி வழக்கைப் புனையவில்லை என்பதிலும் நீதிமன்றம் கண்ணுங்கருத்துமாக இருக்கவேண்டும். கணவன் கடல்கடந்து வாழ, மனைவி ஊரிலே வாழும் குடும்பங்கள் மலிந்த வடக்கிலும் கிழக்கிலும், திரைவழி விவாகரத்து மிகுந்த கவர்ச்சியுடையதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. வெளிநாட்டிலிருப்பவன் விமானச் சீட்டின்றிச் சாட்சியமளிக்கலாம். வழக்கு விரைந்து முடியும். ஆனால் முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருக்கும் மனைவி எதற்கு உடன்பட்டாள், சீதனத்திற்கு என்ன நிகழ்ந்தது, பிள்ளையின் தாபரிப்பை யார் அனுப்புவார் என்பவற்றை, அவளது முகத்தை ஒருமுறையேனும் காணாத சட்டத்தரணி எவ்வாறு அறிவார்?

ஆகவே, பின்வரும் நெறிகள் இந்நாட்டிலே வகுக்கப்படல் வேண்டும்.

முதலாவது, தவணை குறித்தல், ஆவணம் தாக்கல் செய்தல், பணம் செலுத்தப்பட்டமையை உறுதிசெய்தல் போன்ற, எவரது உரிமையும் தீர்மானிக்கப்படாத நடவடிக்கைகளைத் தாராளமாகத் திரைக்கு மாற்றலாம், மாற்றவும் வேண்டும். நெடுந்தீவுப் பெண்ணின் படகுப் பயணத்தையும் தோட்டப் பெண்ணின் ஒருநாட் சம்பளத்தையும் மீட்கும் வழி இதுவே. திரையின் உண்மையான சாதனை இங்குதான் உள்ளது. ஆனால் இச்சிறு சாதனையைக் காட்டிப் பெரு விசாரணைகளையும் திரைக்கு இழுப்பது, ஆற்றைக் கடக்க உதவிய தோணியிலே கடலைக் கடக்கலாம் என்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பிள்ளை யாரிடம் வளர்வது, திருமணம் முறிவதா, வன்முறை நிகழ்ந்ததா என்பவற்றின் சாட்சியம் நேரிலேயே கேட்கப்படல் வேண்டும். இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு: வன்முறைக்கு ஆளானதாகக் கூறுபவர் திரையை வேண்டினால், எதிராளியின் இணக்கத்தைக் கேளாது அவருக்கு அது வழங்கப்படல் வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை கோரும் பெண், அக்கட்டளையைப் பெறுவதற்காகவே அவனெதிரே வந்து நிற்கவேண்டியிருத்தல் முரண்நகையாகும். அவ்வாறு வழங்கப்படும் திரையும் அவளது வீட்டுத் திரையாக இருத்தலாகாது. கதவை மூடக்கூடிய, துணைக்கு ஒருவர் இருக்கக்கூடிய பாதுகாப்பான அறையொன்றிலுள்ள திரையாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, குடும்ப வழக்கை ஏற்கும் சட்டத்தரணி, சத்தியக்கடதாசியிலோ உடன்படிக்கையிலோ கட்சிக்காரர் கையொப்பமிடுமுன் அவரை ஒருமுறையேனும் தனியே, நேரிற் காணுதலைத் தொழிற்கடமையாகக் கொள்ளல் வேண்டும். கட்சிக்காரர் கடல்கடந்து வாழ்ந்து, அது இயலாதுபோனால், அவர் தனித்திருக்கின்றார் என்பதையேனும் உறுதிசெய்தல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும், நீதிபதிகள் வேண்டும், அறைகள் வேண்டும் எனச் சிலர் முறையிடுவர். உண்மையே. நீதிக்குச் செலவுண்டு. அச்செலவைக் குறைக்கும் பொருட்டு மெலிந்தோரின் வாயிலை அடைத்துத் திரையைத் தொங்கவிடுவது சிக்கனமாகாது. செலவை அரசிடமிருந்து மனைவிக்கும் பிள்ளைக்கும் மாற்றுவதே அதுவாகும்.

பாண்டியனின் பெரும்பிழை கோவலனைக் காணாது தீர்ப்பளித்தமை. அவனது பெருமையோ, தன்னைக் குற்றஞ்சாட்ட வந்தவளுக்கு வாயிலைத் திறந்தமை. இன்றைய நீதிமுறையும் அத்தெரிவின் முன்னேதான் நிற்கின்றது. நேரில் வர விரும்புபவளுக்கு வாயில் திறந்திருக்கட்டும். வர அஞ்சுபவளுக்குத் திரை கிடைக்கட்டும். எது வேண்டுமென்பதை அவளே சொல்லட்டும். அவளைக் கேளாமலே அதனை முடிவுசெய்யும் நீதிமன்றம், எத்துணைப் புதிய கருவியைக் கைக்கொண்டபோதும், ஊடலைத் தீர்க்க விரைந்த அரசனின் வழியிலேயே நடக்கின்றது.